மொனோவாயின் இரண்டாம் குடி: ஓர் ஆய்வு

சிற்றூர் வாழ்வு குறித்து இதுவரை எழுந்த ஆய்வுகள் யாவும், ஊர் என்றால் குறைந்தது இருவராவது இருப்பர் என்னும் ஆதாரமற்ற நம்பிக்கையில் நிற்பவை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மொனோவாய் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. 1930-களில் நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஊர். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1. அவர் எல்ஸி ஐலர் என்னும் மூதாட்டி. 2004-இல் கணவர் ரூடி காலமானதிலிருந்து 'ஊரார்' என்றால் அவர்தான்.

நிலம்: புல்வெளி. முல்லை என்பாரும் உளர், மருதம் என்பாரும் உளர். இரு சாராரும் அங்கே போனதில்லை.

வீழ்ச்சிக்குக் காரணம்: விவசாயம் நலிந்தது, ரயில் நின்றது, பிள்ளைகள் வேலை தேடிப் போனார்கள். இதில் ஆய்வாளருக்கு வேலையில்லை.

ஆட்சி: மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம் எல்ஸிதான். தேர்தல் வந்தால் தாம் நடத்திய பாரில் தாமே அறிவிப்பு ஒட்டித் தமக்கே வாக்களித்தார். வரி விதித்தவரும் அவர், கட்டியவரும் அவர். அதில் நான்கு தெருவிளக்குகள் எரிந்தன. இலக்கணிகள் இதைத் தன்வினை என்ப.

கல்வி: ரூடி சேர்த்த சுமார் 5,000 நூல்களும் இதழ்களும் ஒரு சிறு கட்டடத்தில் நூலகமாயின. ஆக, ஆளுக்கு 5,000. அத்தனையும் படிக்கப்பட்டனவா என்று கேட்கலாகாது. பல்கலைக்கழகங்களிடம் நாம் அப்படியா கேட்கிறோம்?

வம்பு: இதற்குச் சொல்பவர், கேட்பவர், அந்நேரம் அங்கே இல்லாதவர் என மூவர் தேவை. பாருக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்ததால் முழுக்க இறக்குமதி.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். 2020 கணக்கெடுப்பு மொனோவாயின் மக்கள்தொகையை 2 என்றது. தம்மைத் தவிர ஊரில் எவருமில்லை என்றார் எல்ஸி. ஆய்வுலகில் சம்பந்தப்பட்டவரின் சாட்சியம் செல்லாது என்பதால் அதை விடுவோம்.

இரண்டாமவர் இடைச்செருகல் என்பது ஒரு கட்சி. பிடிக்காத பாட்டையெல்லாம் அப்படித் தள்ளிப் பழகியவர்களுக்கு ஓர் ஆளைத் தள்ளுவது பெரிய காரியமன்று. 2000 கணக்கிலும் 2 என்றே உள்ளதால் அதுவே மூலபாடம், நடுவில் வந்த 1 ஏடெழுதியவர் கைப்பிழை என்பது மறுகட்சி. ரூடி அப்போது உயிரோடிருந்தார் என்று நினைவூட்டினால், வாழ்க்கைச் செய்தியைப் பாட ஆய்வில் புகுத்தாதே என்று சீறுவர்.

மூன்றாம் கட்சியே வலியது. ஔவையார் எத்தனை பேர் என எண்ணிக் கைதேர்ந்த மரபினர் இவர்கள். மேயர் எல்ஸி முற்காலத்தவர். நடை இறுக்கமே சான்று. நூலகர் எல்ஸி சமணராகலாம். பார் எல்ஸி பர்கர் விற்றதால் சமணர் ஆகார்; எனவே இருவரும் ஒருவரல்லர். பொருளாளரின் கையெழுத்தும் வரி கட்டியவரின் கையெழுத்தும் அச்சாக ஒத்திருப்பது, பின்னவர் முன்னவரின் மாணாக்கர் என்பதைக் காட்டுகிறது. இதற்கான தெளிவான சான்று ஓர் அச்சேறாத சுவடியின் அடிக்குறிப்பில், கரையான் தின்ற பகுதியில் இருந்ததாக, அச்சுவடியைக் கண்டிராத மூவர் தனித்தனியே உறுதி கூறியுள்ளனர்; மூவரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டுகின்றனர். இக்கணக்கில் மக்கள்தொகை குறைந்தது 5.

கணக்கெடுப்புத் துறையின் விளக்கமோ சப்பென்றிருக்கிறது. தனிநபர் விவரத்தைக் காக்கச் சட்டம் சொல்வதால், சிற்றூர் எண்களில் வேண்டுமென்றே சிறு பிசகு கலக்கிறார்களாம். இரண்டாமவர் அந்தப் பிசகில் பிறந்தவர். பேரும் முகமும் பத்திரிகை தோறும் வந்துவிட்ட எல்ஸியை இப்படி மறைத்துக் காத்தார்கள்.

எனினும் அதே துறை, மாநில மொத்தத்தில் பிசகு கலக்கவில்லை என்கிறது. அப்படியானால் மொனோவாயில் கூடிய அந்த ஒருவர் நெப்ராஸ்காவின் வேறு ஏதோ ஊர்க் கணக்கில் குறைந்திருக்க வேண்டும். அவரைத் தேடிப் பிடிக்க மூன்றாண்டு நல்கை கோரியுள்ளேன். தெருவிளக்கு வரியில் பாதி அவர் பாக்கி.