மண்ணா, மாவா? புக்கெகோஹி மழலையர் மேசை பற்றிய ஓர் இறையியல் ஆய்வு

ஆக்லாந்து நகரின் நடுப்பகுதியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்பழுப்புக் களிமண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைவித்துப் பெயர்பெற்ற ஊர் புக்கெகோஹி. அவ்வூரின் பாலர் மேசைக்கு வேலிக்கு அப்பால் கிடக்கும் அந்த மண் பெரும்பாலும் வருவதில்லை; ‘பிளே டோ’ எனப்படும் உப்பிட்ட கோதுமை மாவே வருகிறது. இது இறையியலுக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ஆதாம் மண்ணிலிருந்து உருவானதாக ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. மாவோரி மரபிலும் டானே என்னும் தெய்வம் குராவாக்கா என்னும் இடத்து மண்ணைப் பிசைந்து, மூச்சை ஊதி, ஹினே-ஆஹு-ஓனே என்ற முதற்பெண்ணை ஆக்கியதாகச் சொல்லப்படுகிறது. மாவுக்கு இரு மரபிலும் இடமில்லை. ஆகவே ‘நம்பிக்கைவழிக் களிமண் விளையாட்டு’, அதாவது வேதாகமக் கதையைக் கேட்டபடியே குழந்தை அதைக் கையால் பிசைந்து பார்க்கும் பயிற்சி, மூலப்பொருளிலேயே வழுவுடையது என்று வாதிட இடமுண்டு.

எனினும் செய்முறையை உற்றுநோக்கினால் வாதம் தலைகீழாகிறது. இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு என்பது வழக்கமான அளவு. எண்ணெயும் தண்ணீரும் ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ என்னும் வெண்பொடியும் உடன் சேரும். இப்பொடி, திராட்சை ரசம் ஊறும் பீப்பாயின் உட்புறம் படியும் உப்பைத் தூய்மையாக்கிப் பெறப்படுவது. ஆக, அப்பத்தின் கோதுமையும் ரசத்தின் படிவும் ஒரே கிண்ணத்தில் கூடுகின்றன. ஈஸ்ட் சேராததால் பஸ்காவுக்குரிய புளிப்பில்லா நெறி காக்கப்படுகிறது. அபிஷேகத்துக்கு எண்ணெயும் உண்டு. மலைப்பிரசங்கத்தில் சீடருக்கு உவமையான உப்போ, பூஞ்சையைத் தடுப்பதோடு, ஒரு வாய் விழுங்கப் பார்க்கும் மூன்று வயதினரை அக்கணமே மனந்திரும்பவும் செய்கிறது. குருமடம் ஒன்று கூடி யோசித்திருந்தாலும் இத்தனை பொருத்தம் அமைந்திருக்காது.

திங்களன்று மஞ்சள், நீலம், சிவப்பு எனத் தனித்தனி டப்பாவில் தொடங்கும் மாவு வெள்ளிக்குள் ஒரே பழுப்பாவதும், மண்ணுக்குத் திரும்புதல் பற்றிய ஆதியாகமக் கூற்றின் நிறைவேற்றமாகவே கொள்ளத்தக்கது. அப்பழுப்பு புக்கெகோஹி வயலின் நிறத்தை ஒத்திருப்பது கூடுதல் சான்று.

எரேமியா 18-இல் குயவன் கையில் கெட்டுப்போன கலம் வேறு கலமாக வனையப்படுகிறது. பாலர் வகுப்புக் குயவர்கள் கலம் கெடும்வரை காத்திருப்பதில்லை. நன்றாக அமைந்த நோவாவின் பேழையையே நசுக்கிப் பாம்பாக உருட்டிவிடுவர். எதைச் செய்யத் தொடங்கினாலும் பாம்பில் முடிவது இத்துறையின் மாறா விதி. ஏதேன் தோட்டப் பாடம் ஒன்றே இதனால் பயன்பெறுகிறது. ‘இது என்ன?’ என்று பெரியவர்கள் கேட்பதுதான் உண்மையான மீறல். வனைபவனை நோக்கி அக்கேள்வி எழுப்புவதை ஏசாயா 45 வெளிப்படையாகவே கண்டிக்கிறது.

திருச்சபை ஏற்ற நூல்களில் சேராத, இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி இங்கு முதன்மைச் சான்று. ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் களிமண்ணால் பன்னிரண்டு சிட்டுக்குருவிகளைச் செய்ததாகவும், புகார் எழுந்ததும் அவர் கைதட்ட அவை பறந்துபோனதாகவும் அது கூறுகிறது. நியூசிலாந்தில் ஐந்தாம் பிறந்தநாளை ஒட்டிக் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வது வழக்கமாதலால், இது பாலர் வகுப்பின் கடைசி நாள் வேலையாக இருந்திருக்கக் கூடும். அதே செயலை இங்கு மீண்டும் நிகழ்த்துவது பரிந்துரைக்கத்தக்கதன்று: 1860-களில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட சிட்டுக்குருவிகளே இந்நாட்டு உழவர்களுக்குப் போதுமான தொல்லை.

எஞ்சியிருப்பது கடினப்படுதல் என்னும் சிக்கல். பார்வோனின் இருதயம் கடினப்பட்டதற்கான காரணம் குறித்து உரையாசிரியர்கள் இன்னும் உடன்படவில்லை. மாவு கடினப்படுவதற்குக் காரணம் டப்பாவை யாரும் மூடாததே. மாவுக்குச் சில துளி வெந்நீர் போதும். பார்வோனுக்குப் பத்து வாதைகள் தேவைப்பட்டன.