மார்கழி விடியலில் நாயோடு நடப்போர் உடையியல்: பண்டாரவளையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சங்கிலி ஒன்று. அதன் ஒரு நுனியில் நாய், மறு நுனியில் மனிதர். இருவர் மீதும் விழுவது ஒரே பனி. அப்படியிருக்க, மனிதர் நுனியில் மட்டும் ஸ்வெட்டர், ஜக்கெட், மப்ளர், மங்கிக் குல்லா என்று துணி குவிவதும், நாய் நுனியில் பிறந்த மேனிக்கு ஒரு வால் மட்டும் ஆடுவதும் ஏன்? இவ்வினாவைப் புலவர் பெருமக்கள் இதுகாறும் தொடாதது, விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கு அவர்கள் எழும்பாமையால் என்க.

2. குளிர் உண்டு என நிறுவுதல்

குளிரை நிறுவிய பின்னரே போர்வையைப் பேசுதல் முறை. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று ஏறத்தாழ 6.5 பாகை குளிரும் என்பது வளிமண்டல நூலார் கணக்கு. கொழும்பில் தை மாத விடியல் 22 பாகை அளவில் இருக்கும். எட்டைக் கழித்தால் 14. குளிர் உண்டு.

அற்றன்று, “14 பாகைக்கு நாங்கள் இங்கே கட்டைக் காற்சட்டை போடுவோம்” என்பார் டொரொன்டோவிலிருந்து பேசும் மைத்துனர். அவர் கூற்று பொருந்தாது. என்னை? அவர் வீட்டைச் சூடாக்கி வைத்துவிட்டு வெளியே போகிறவர். நாமோ வீட்டுக்குள்ளும் அதே குளிரில் படுத்து, அதே குளிரில் எழும்பி, அதே குளிரில் முகம் கழுவிப் புறப்படுகிறவர்கள். 1,800 மீற்றருக்கு மேலே, தையில் உறைபனி விழுந்து கொழுந்து கருகக் காணும் நுவரெலியாக்காரர் வாய் திறந்தால் மட்டும் நாம் அடங்கிப்போவது மரியாதை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. பின்பாதி நம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒவ்வாது. லயத்து வீட்டுக்கு மச்சு ஏது? தகரம்தான். பனிக்குத் துளைக்கும் வேலை மிச்சம், நேரே உள்ளே வந்துவிடும். இதோடு வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்குக் கொண்டுவரும் மார்கழி மழையையும் கூட்டிக்கொள்க.

3. முன்னோர் வழக்கு

விலங்குக்கும் பறவைக்கும் போர்த்தலாமா என்ற கேள்விக்குத் தமிழில் பழைய தீர்ப்பு உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆனால் அவன் கொடுத்தது மயிலுக்கு. நாய்க்கு நீட்டியதாகச் செய்தி இல்லை. நெடுநல்வாடையில் வாடையின் கொடுமையைச் சொல்ல வந்த நக்கீரர், மேய மறந்த மாவையும் ஒடுங்கிய மந்தியையும் வீழ்ந்த பறவையையும் கன்றை அண்டவிடாத கறவையையும் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் நாய் இல்லை. மறந்தார் எனின், பெரும்புலவர்க்கு மறதி கூறுதல் குற்றம். நாய்க்குக் குளிரவில்லை, ஆகவே எழுதவில்லை என்று கொள்வதே சிறப்பு.

4. நாய் நுனி

நக்கீரர் பக்கமே விலங்கியலாரும் நிற்கிறார்கள். நாயின் உடற்சூடு 38 பாகைக்கு மேலே, நம்முடையதைவிட ஒன்றிரண்டு பாகை கூட. பாதத்துக்குச் சூட்டுக் குருதி கொண்டுபோகும் நாடிகளும் குளிர்ந்த குருதியைத் திருப்பும் நாளங்களும் ஒட்டி ஓடுகின்றன. இறங்குவது தன் சூட்டை ஏறுவதற்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே ஈரத் தாரில் வெறுங்காலோடு நின்று, ஒரே தந்திக்கம்பத்தை நிதானமாக ஆராய நாயால் முடிகிறது. விதிவிலக்கு குட்டி, கிழம், மயிர் குறைந்த சிற்றினம். இவற்றுக்குப் பழைய ஸ்வெட்டர்க் கையொன்றை வெட்டி மாட்டினால் போதும்.

5. மனிதர் நுனி

சூடு தருவது துணியன்று, துணிகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. எனவே தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று நன்று. பருத்திப் பனியனோடு பண்டாரவளை ஏற்றத்தில் ஏறினால் வியர்த்து நனையும். இறக்கத்தில் அந்த ஈரமே முதுகில் ஐஸ் வைக்கும். ஈரத்திலும் சூடு காப்பது கம்பளி. ஏற்றத்தில் சிப்பைத் திறந்து இறக்கத்தில் மூடுதல் நூல் வழக்கு. எப்போதும் தாடை வரை இழுத்து வைத்திருத்தல் உலக வழக்கு.

ஜக்கெட்டின் பிறப்பு தனி ஆய்வுக்குரியது. பனிநாட்டாருக்கென நம் ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்து, ஏற்றுமதிக்கு மிஞ்சியது மலையகக் கடைகளில் தொங்குகிறது. மங்கிக் குல்லா காதைக் காக்கும், பின்னால் வரும் பஸ்ஸின் ஹோனிலிருந்தும் காக்கும். கைகளில் ஒன்றுக்கே சட்டைப்பையில் இடம் உண்டு. மற்றதைச் சங்கிலி பிடித்துக்கொள்ளும். இது தீர்வில்லாச் சிக்கல். காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்து விடுவது குளிருக்கன்று, அட்டைக்கு.

6. எதிர்ச் சான்று

இவ்வளவும் நிறுவிய ஆய்வாளரை ஒரு விடியலில் தோட்டத்துப் பாதை மறித்தது. வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அக்கா ஒருவர். உரப்பையின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்து, கொங்காணியாகத் தலையில் கவிழ்த்திருந்தார். இடுப்பில் படங்கு, சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, காலில் பாட்டாச் செருப்பு. பின்னால் சங்கிலி இல்லாமலே ஒரு நாய். ஆய்வாளரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏஞ் சேர், நாயா ஒங்கள கூட்டிக்கிட்டுப் போவுது?”

“இல்ல அக்கா, குளிருக்கு...”

“குளிரா? மலையில நின்னா சரியாப் போயிரும்.”

இக்கூற்றைத் தள்ள முடியாது. ஏனெனில் அவர் நாள் முழுக்க நிரையில் நிற்பவர், ஆய்வாளர் அரை மணியில் தேத்தண்ணிக்குத் திரும்புபவர். முன்பு இம்மலைக்கு ஆள் சேர்த்த காலத்தில் அரிசியையும் கம்பளியையும் கடனாகக் கொடுத்துக் கூலியில் பிடித்தார்கள். கடனோடு ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது. குளிருக்குப் போர்த்தியதற்கே கடன்பட்டவர்களின் பேத்தி, பையைப் போர்த்திக்கொண்டு போகிறார். சங்கிலிக்காரரோ மூன்று அடுக்குக்குள் நடுங்குகிறார்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது: பண்டாரவளையில் ஒருவர் அணியும் துணி, குளிரின் அளவைப் பொறுத்ததன்று. அவர் அந்தக் குளிரில் நிற்கும் நேரம் கூடக் கூடத் துணி குறையும். அரை மணிக்காரருக்கு நாலு உடுப்பு, முழுநாள்காரருக்கு ஓர் உரப்பை, எந்நேரமும் வெளியே கிடக்கும் நாய்க்கு ஒன்றுமில்லை. ஜக்கெட்டுகளைப் பங்கிடுவதில் இவ்விதியைத் தலைகீழாக்குவதே நீதி என்பது இவ்வாய்வின் பரிந்துரை. இதை மறுக்க விரும்பும் அறிஞர்கள் நாளை ஐந்தேமுக்காலுக்குப் பாதைக்கு வரலாம். ஸ்வெட்டர் இல்லாமல் வர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.