முதல் சரணமும் கடைசிச் சரணமும்

போன சனிக்கிழமை பாளையங்கோட்டை வீட்டில் அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டம். பந்தல், நாற்காலி, ஸ்பீக்கர், திரை எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. பாட்டு நடத்த வந்த தம்பிக்கு இருபத்துநாலு வயது இருக்கும். கீபோர்டில் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுச் சொன்னான்: “அடுத்து தாத்தாவுக்கு ரொம்பப் பிடிச்ச கீர்த்தனை. நேரத்தை முன்னிட்டு முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் பாடுவோம்.”

இன்றைக்குப் புதன்கிழமை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேரத்தை முன்னிட்டாம். அதற்கு முன்னால் அவன் பதினொரு நிமிடம் பேசினான். அப்பாவின் பழைய கைக்கடிகாரம் இப்போது என் கையில்தான் இருக்கிறது, கணக்குத் தப்பாது. நான்கு நிமிடப் பாட்டை மிச்சம் பிடிக்கப் பதினொரு நிமிடப் பேச்சு. வாசலில் பிரியாணி அண்டா இறங்கும் சத்தம் கேட்டதும் தம்பிக்கு வந்த அவசரம் அது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே வாசனைதான் வந்தது. ஆனாலும் ஒரு முறை இருக்கிறதல்லவா?

அப்பா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இந்த விஷயத்தில் அவர் கோவில் கொயர் மாஸ்டரோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர். ‘எட்டாம் சரண வழக்கு’ என்று எங்கள் தெருவில் அதற்குப் பெயர். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

கீர்த்தனையில் சரணத்தை வெட்டுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. முதல் சரணத்தில் இயேசு பாலன் முன்னணையில் கிடக்கிறார். கடைசிச் சரணத்தில் மேகங்கள்மேல் வருகிறார். நடுவில் முப்பத்து மூன்றரை வருஷம் போன இடம் தெரியவில்லை. கானாவூரில் கல்யாண வீட்டார் காலி ஜாடியோடு நிற்கிறார்கள். சமாரியா ஸ்திரீ கிணற்றடியிலேயே நிற்கிறாள். சகேயு காட்டத்தி மரத்திலிருந்து இறங்கவில்லை. லாசரு பாவம், நாலு நாளாகக் கல்லறைக்குள் கிடக்கிறான். அவன் வெளியே வருகிற சரணத்தைத்தான் நேரத்தை முன்னிட்டு விட்டுவிட்டார்களே!

இந்தச் சிக்கனம் பாட்டுக்கு மட்டும்தான். அசனச் சாப்பாட்டில் இதைச் செய்து பாருங்கள். முதலில் இலையில் உப்பு, கடைசியில் மோர், நேரத்தை முன்னிட்டு எல்லாரும் எழுந்து கை கழுவுங்கள் என்று உபதேசியார் சொல்லட்டும். அன்றைக்கே சபை இரண்டாகும். பகல் ரயிலில் எழும்பூரில் ஏற்றி நேரே திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டால், நடுவில் மணப்பாறை முறுக்குக்கு யார் பொறுப்பு?

வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1774-ல் நம் திருநெல்வேலியில் பிறந்து, பையனாக சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், சரபோஜியோடு படித்து, 1864 வரை இருந்தார். அந்தத் தொண்ணூறு வருஷத்தில் முதல் வருஷமும் கடைசி வருஷமும் போதும் என்று விட்டிருந்தால் மனுஷன் ஒரு பாட்டாவது எழுதியிருப்பாரா? ஆபிரகாம் பண்டிதர் இன்னும் மேலே. ஊரெல்லாம் சுருதி இருபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருக்க, இல்லை இருபத்துநாலு என்று சாதிக்க 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ கொண்டுவந்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். நேரத்தை முன்னிட்டு இரண்டு சுருதியை அவர் கூட்டினார், குறைக்கவில்லை! இதை அந்தத் தம்பியிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவன் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அவனுடைய கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டு மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை. பெட்டியில் ஓடிய தாளம் நாலு. இரண்டில் ஒன்று இறங்கிவர வேண்டும். பெட்டி இறங்காது. வந்திருந்த எழுபது பேரும் இறங்கினோம்.

அப்பாவிடம் இருந்தது ஆர்மோனியம். 1940-லிருந்து 1971 வரை வானொலி நிலையத்துக்குள் ஆர்மோனியத்துக்கு இடமில்லை என்று தள்ளிவைத்திருந்த காலத்தில்தான் அவர் அதைக் கடனுக்கு வாங்கினார். ரேடியோ கைவிட்ட பிள்ளையை நாம்தான் வளர்க்க வேண்டும் என்பார். துருத்தியில் மூன்று இடத்தில் சைக்கிள் கடைக்காரர் போட்ட டியூப் ஒட்டு. ஒரு கட்டை அமுக்காமலே பாடும். அதன் அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார். குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது முதலில் தீக்குச்சியைத் தேடுவோம், பிறகுதான் வேதாகமத்தை.

ஏழரை மணிக்கு ஜெபம். பாட்டு முழுசாக, ஒவ்வொரு சரணத்துக்கும் பல்லவிக்குத் திரும்பி, அனுபல்லவியையும் விடாமல். அம்மாவுக்கு அடுக்களையில் கடிகாரமே தேவைப்படவில்லை. இடியாப்பம் வேக நாலு சரணம், சொதி கொதிக்க இரண்டு. ஏழு சரணத்துக்கு மேல் போகிற பாட்டென்றால் முன்கூட்டியே அடுப்பைத் தணித்துவிடுவாள். பாட்டு முடிந்ததும் அப்பாவின் ஜெபம். ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவர், தபால் பிரிக்கிற மாதிரி ஜெபிப்பார். பம்பாயில் இருக்கும் பெரியப்பா, தூத்துக்குடி அத்தை, நாசரேத் மாமா என்று ஊர் ஊராகக் கட்டுக் கட்டிப் போடுவார். மதில் தகராறில் எங்கள்மேல் கேஸ் போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரையும் விடமாட்டார். அவருக்கான ஜெபம் வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும், மதிலைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பசிக்கும். எதிர்வீட்டுத் திண்ணையில் பையன்கள் கேரம் ஆடுவது கேட்கும். ஒருநாள் மத்தியானம் அவருடைய பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து, அந்தப் பெரிய கீர்த்தனை இருந்த இரண்டு பக்கங்களையும் சோற்றுப் பருக்கையை மசித்து ஒட்டிவிட்டேன். இரண்டாம் சரணத்திலிருந்து ஏழாம் சரணம் வரை உள்ளே போய்விட்டது. அன்று ராத்திரி அப்பா புஸ்தகத்தைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எட்டுச் சரணத்தையும் பாடினார். வழக்கத்தைவிட நிதானமாகப் பாடினாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கூட்டத்துக்கு வருகிறேன். ‘வாழ்க்கைக் குறிப்பு’ என்று ஒருவர் வாசித்தார். பிறந்த தேதி, கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி, உட்கார்ந்துவிட்டார். ஆர்மோனியம் இல்லை, தீக்குச்சி இல்லை. அதற்கு மேல்தான் இந்தத் தம்பி.

எழுந்து நின்றேன். “எட்டுச் சரணமும் பாடணும்” என்றேன். என் குரல் அப்பா குரல் மாதிரியே இருந்ததாகச் சித்தி பிறகு சொன்னாள். மைனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“திரையில ரெண்டுதான் அங்கிள் போட்டிருக்கோம்” என்றான் தம்பி. “உங்களுக்குத் தெரியும்னா நீங்க லீட் பண்ணுங்க.”

தெரியாமல் என்ன? ஆயிரம் தடவை கேட்டதாயிற்றே. மைக்கை வாங்கினேன். முதல் சரணம் கம்பீரமாக வந்தது. பல்லவிக்குத் திரும்பும்போதே உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இடியாப்ப வாசனை மட்டும் இருந்தது.

பரவாயில்லை, மேசைமேல் மாலைக்குப் பக்கத்தில் அப்பாவின் புஸ்தகத்தை வைத்திருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தேன். கடையில் வாங்குகிற பசையெல்லாம் ஆறு மாதத்தில் விட்டுப்போகிறது. என் வீட்டுச் சோறு நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது, ஒட்டு மட்டும் அசையவில்லை. மேல் மூலையில் பென்சிலால் ஒரு வரி. தபால் கட்டுகளின்மேல் குறிப்பு எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து:

‘ஒட்டியவரே பிரிக்கவும்.’

கீழே தேதியும் சுருக்கொப்பமும்.

நகத்தால் நெம்பிப் பார்த்தேன். எழுபது பேர் பல்லவியை மூன்றாவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டில் நாலு எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது.

“அங்கிள், ரெண்டாவது சரணம்?” என்றான் தம்பி, பக்கத்தில் குனிந்து.

“நேரம் ஆயிட்டுதுடே” என்றேன். “கடைசிக்குப் போ.”