‘கட்’: பெயரா, வினையா?

‘கட்’ என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். நேற்று வெட்டினாலும் இன்று வெட்டினாலும் உருவம் மாறாது. ஒரே சொல் பெயரும் வினையுமாக வருவதைப் பெரிய வித்தை என்று எண்ண வேண்டாம். ‘அடி’, ‘உதை’ இரண்டையும் வைத்துக்கொண்டு நாம் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான். முதனிலைத் தொழிற்பெயரை மனப்பாடம் செய்யாமல் வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டுகள் நேரிலேயே கிடைத்தன.

சிக்கல் அச்சொல் தமிழுக்குள் கால் வைத்ததும் தொடங்குகிறது. வினை வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும் என்பது தொல்காப்பியர் வைத்த தேர்வு. ‘கட்’டைக் காலம் காட்டச் சொன்னால் ‘கட்டினான்’ என்று வந்து நிற்கிறது, வெட்டியவன் கட்டியவனாகிவிடுகிறான். சரி, பெயராகவே இருக்கட்டும் என்று உருபைச் சேர்த்தாலோ, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து, இரண்டாம் வேற்றுமையில் கட்டையாகவும் ஏழாம் வேற்றுமையில் கட்டிலாகவும் மாறித் தச்சுப் பட்டறைக்குப் போய்விடுகிறது.

ஆகவே தமிழர் அதைத் தனியே நடமாட விடுவதில்லை. ஒரு தமிழ் வினையின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போகாதவன் கட் ‘அடிக்கிறான்’. படப்பிடிப்பில் இயக்குநர் ஏவல் வினையாகக் கத்துவதை உதவி இயக்குநர் “கட் சொல்லிட்டார்” என்று மறுநொடியே பெயராக்கிவிடுகிறார்.

ஆய்வாளனை உறங்கவிடாதவை ‘ஆகு’, ‘பண்ணு’ என்ற இரண்டும்தான். கைபேசியில் பேச்சு பாதியில் நின்றது. மனைவி மறுபடி அழைத்தாள்.

“கட் ஆச்சா, கட் பண்ணீங்களா?”

“ஆச்சு.”

“டவர் இல்லையா?”

“இல்ல.”

“மொட்டை மாடியில நின்னு பேசறீங்கன்னு அத்தை சொன்னாங்களே.”

தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு கூர்மையாக எந்த உரையாசிரியரும் விளக்கியதாக நினைவில்லை. ஆங்கிலத்தில் ‘கட்’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்த்துக் குற்றவாளியைத் தப்பவிட்டிருக்கும். 2012-இல் சென்னையில் தினம் 2 மணி நேரமும் வெளி மாவட்டங்களில் அதற்குப் பல மடங்கும் மின்வெட்டு இருந்தபோது, தமிழ்நாடே பிறவினைதான் பேசியது: “கட் பண்ணிட்டான்!” அந்த ‘ஆன்’ விகுதி சுட்டிய ஆண்மகன் யார் என்பது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சியிருப்பது ‘கட்டிங்’. முடிதிருத்தகத்தில் அது ஒரு வேலை. “கட்டிங்கா, ஷேவிங்கா?” என்று துண்டை உதறியபடி கேட்பார்கள். மதுக்கடை வாசலிலோ அது ஓர் அளவை: 180 மில்லி குவார்ட்டரை இருவர் பங்கிட்டால் தலைக்கு 90. தொழிற்பெயர் எப்படி முகத்தலளவையாயிற்று என்று நேரில் கேட்டறியக் களப்பணிக்குக் கிளம்பினேன். வீட்டில் அனுமதி கிடைக்காததால் அந்த இயல் பாதியில் நிற்கிறது.