ஜோகுபாளையத்தில் குதிரைசக்தி கூட்டும் முறை

ஃபோக்ஸ்வேகன் போலோவின் 999 சிசி டர்போ எஞ்சின் தொழிற்சாலையிலேயே 110 குதிரைசக்தி தந்துவிடுகிறது. பெங்களூரின் ஜோகுபாளையத்துக்கு இது போதாது. அங்கே சந்துகளில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும்; எடுக்கும் வேகத்தில்தான் குடும்ப மானம் இருக்கிறது.

ஆகவே வீட்டு வாசலிலேயே, கோலம் அழியாமல், வேலை தொடங்குகிறது. முதலில் ஏர் ஃபில்டர் மாறும். பிறகு லேப்டாப்பைச் செருகி, எஞ்சினை ஆளும் கணினியின் நிரலைத் திருத்தி, டர்போ அழுத்தத்தை உயர்த்துவார்கள். கடைசியில் சைலன்சர். அதற்குப் பின் கார் நகர வேண்டிய அவசியமே இல்லை. நின்ற இடத்திலிருந்தே அல்சூர் ஏரிவரை போய்வரும், சத்தமாக.

டர்போவின் முழு இழுவை நிமிடத்துக்கு 1,750 சுழற்சிக்கு மேல் கிடைக்கும். பழைய மெட்ராஸ் சாலையில் மாலை ஆறு மணிக்கு அதை நியூட்ரலில் நிம்மதியாக அனுபவிக்கலாம்.

சட்டமும் கஞ்சத்தனம் காட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 182ஏ(4): அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே 5,000 ரூபாய், விரும்பினால் ஆறு மாதம்வரை உணவும் உறைவிடமும்.

வேலை முடிந்ததும் உரிமையாளர் மெட்ரோவில் அலுவலகம் போகிறார். காரை எடுத்தால் நிறுத்திய இடம் போய்விடும்.