முழங்காலும் ஒரு மீற்றரும்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, கொழும்பில் கடை கண்ணிகளெல்லாம் அடைபட்டனவேயன்றி, எந்தப் பிரகடனத்தையும் வாசித்தறியாத ஜீவனாகிய தேயிலைச் செடி எங்கள் மலையகத்தில் கொழுந்து விட்டுக்கொண்டேயிருந்தது. ஆகவே தோட்ட வேலைக்கு விலக்களிக்கப்பட்டு, பெண்கள் முகக்கவசத்தோடு மலையேறினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுத்தெழும்பும் லயங்களுக்கு வந்து, ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் இடைவெளி பேணுமாறு ஒலிபெருக்கி உபதேசித்தது. அந்தக் கணக்குப்படி குடும்பத்தில் பாதிப் பேர் கானுக்குள்தான் நிற்க வேண்டும். தொற்றுக்கு அஞ்சி மனிதரை ஒதுக்கிவைக்கும் சாஸ்திரமும் எங்களுக்குப் புதிதன்று: 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின், எங்கள் பாட்டன்மார் அக்கரையில் மண்டபம் முகாமில் மறித்து வைக்கப்பட்டு, வாந்திபேதியோ அம்மையோ இல்லையென்று ருசுவான பிற்பாடே இக்கரை சேர்ந்தார்கள்.

இத்தகைய பரம்பரையில் உதித்த என் இடது முழங்கால், வலிப்பதற்கு மே மாதத்தைத் தேர்ந்துகொண்டது. அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படியே வெளியே போகலாம் என்று அரசாங்கம் விதித்திருந்த சமயம். என்னுடையது 3இல் முடிவதால், செவ்வாய்க்கிழமைகளில் மாத்திரம் எனக்கு வைத்திய தரிசனம் வாய்க்கும்.

ஹட்டன் பட்டணத்துத் தனியார் வைத்தியசாலையொன்றின் வாசலில் நின்ற பெண்பிள்ளை, துப்பாக்கி வெப்பமானியை என் நெற்றிக்கு நேரே நீட்டி, "சேர், திருநீற்றக் கொஞ்சம் தொடச்சிருங்க" என்றாள். துடைத்தேன். கருவி 33.4 என்றது, சாரல் மழையில் மேட்டுப்பாதை ஏறிவந்த நெற்றி வேறென்ன காட்டும்? "சரி, உள்ளுக்குப் போங்க" என்றாள். காய்ச்சல்காரனைத் தடுக்கும்படிதான் அவளுக்கு உத்தரவு. பிரேதத்தைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றுமில்லை.

உள்ளே, வெளியே விட்டுவந்த பனிமூட்டம் முகக்கவசத்தின் வழியாக என் மூக்குக்கண்ணாடிக்குள் குடிபுகுந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு செருமல் வந்தது. இந்த மலையில் பிறந்தவனுக்குச் செருமல் ஒரு வியாதியே அன்று, பேச்சின் பீடிகை. ஆயினும் என் வாங்கில் இருந்தவர்கள் அனைவரும் ஏககாலத்தில் எழுந்து, எனக்கு ஒரு மீற்றருக்குப் பதில் மூன்று மீற்றர் தானம் செய்தார்கள்.

பிளாஸ்டிக் திரைக்கு அப்பால் அமர்ந்திருந்த வைத்தியர், "எந்தக் கால் மாஸ்டர்? மடக்குங்க, நீட்டுங்க" என்று தூரத்திலிருந்தே பரிசோதனையை முடித்து, "நடமாட்டத்தக் கொறச்சிக்குங்க" என்றார். நாடு முழுவதுக்கும் அரசாங்கம் ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருந்த சிகிச்சை. "பத்து நாள்ல வந்து காட்டுங்க."

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. 9க்கும் 0க்கும் உரிய தினம். என் மனைவியின் அட்டை 9இல் முடிவதாகையால், அவளே என் முழங்காலின் பிரதிநிதியாகப் புறப்பட்டு, திரைக்கு இப்பால் நின்று என் வலியைத் தன் காலில் அபிநயித்துக் காட்டி, மருந்தையும், "கொஞ்சம் உடம்பக் கொறைக்கணும்" என்ற ஆலோசனையையும் வாங்கி வந்தாள். அந்த ஆலோசனை யாரைக் குறித்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்றளவும் அபிப்பிராய பேதம் உண்டு.