எந்த நாட்டு வெளிநாட்டவர்?

அனுப்புநர்:
கும்மிடிப்பூண்டியில் பிறந்த வெளிநாட்டவர்,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

பெறுநர்:
மாணவர் சேர்க்கைப் பிரிவு.
(பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினால் அடுத்த ஆண்டும் இடம் கிடைக்காது.)

பொருள்: எம்.காம். சேர்க்கை – எந்த நாட்டு வெளிநாட்டவர் எனத் தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணைய விண்ணப்பத்தில் ‘இந்தியர்’, ‘வெளிநாட்டவர்’ என இரண்டே கட்டங்கள். முதலாவதைத் தொட்டால் குடியுரிமைச் சான்று கேட்கிறது. இரண்டாவதைத் தொட்டால் பாஸ்போர்ட் எண், விசா முடியும் தேதி, அமெரிக்க டாலரில் கட்டணம். அப்பாவிடம் சொன்னேன். பெயின்ட் வேலைக்குப் போகிறவர். “டாலர்ல கூலி குடுக்கிற மேஸ்திரி ஆரும் இருந்தா சொல்லு மகள், நாளைக்கே போறன்” என்றார்.

தொலைபேசியில் தங்கள் எழுத்தர் அன்பாகவே பேசினார். “உங்க எம்பஸில ஒரு பாஸ்போர்ட் வாங்கிட்டு வாங்களேன்மா.” வாங்கலாம். வாங்கினால் அதில் விசா எங்கே என்பீர்கள். நான் வந்து இறங்கிய இடம் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு. அங்கே முத்திரை குத்தும் வழக்கம் இல்லை.

தவறு அம்மம்மாவுடையது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியர். அம்மம்மா மண்டபம் முகாமில் என் அம்மாவைப் பெற்றது அதே ஆண்டு ஆகஸ்டில். குறைமாதத்தில் பெற்றிருந்தால் அம்மாவாவது குடிமகள் ஆகியிருப்பார். அதே முகாமில் 1986-ல் பிறந்த ஒருவர் நீதிமன்றம் வரை போய் இந்திய பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டுவிட்டார். என் கணக்கில் அது சரியான நேரத்தில் வந்த பிரசவ வலி.

அரசாங்கம் எங்களை மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2021-இல் மாநில அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரையே மாற்றியது, மாதப் பணத்தைக் குடும்பத் தலைவருக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாயாகவும் மற்றப் பெரியவர்களுக்கு ஆயிரம் ரூபாயாகவும் உயர்த்தியது, படிப்புக்கும் உதவி கூட்டியது. அந்த உதவியில்தான் பி.காம். முடித்தேன், நன்றி. டெல்லி 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாடுகளைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கப் போனது. தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் நாடு நினைவுக்கு வரவில்லை போலும். 2025-இல் வந்த ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட எங்கள் ஆட்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். ஜெயில் இல்லை என்றாகிவிட்டது. கல்லூரி உண்டா என்பதுதான் இந்தக் கடிதம்.

வக்கீலுக்குப் படிக்கலாம் என்றுதான் முதலில் ஆசை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் குடிமக்களைத்தான் பதிவு செய்துகொள்ளும். வெளிநாட்டவருக்கும் ஒரு சந்து இருக்கிறது: அவருடைய நாட்டில் இந்தியர்கள் வக்கீல் தொழில் செய்ய அனுமதி இருக்க வேண்டும். என் நாடு எதுவென்று நீங்கள் சொன்னால் அங்கே விசாரித்துக்கொள்வேன்.

எம்.காம். படித்து என்ன செய்யப் போகிறாய் என்று முகாமிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பக்கத்து வரிசை அண்ணன் பி.இ. மெக்கானிக்கல். ஒரு கம்பெனியில் எல்லாச் சுற்றும் தேறிவிட்டு, கடைசியில் பாஸ்போர்ட் நகல் கேட்டபோது எழுந்து வந்தவர். இப்போது அப்பாவோடு பட்டி பார்க்கிறார். சுவரோரம் லைட்டைச் சாய்த்துப் பிடித்து மேடு பள்ளம் தேடுவார். ஒரு கோடு தெரிந்தாலும் உப்புத்தாளை எடுத்து மறுபடி தேய்ப்பார். “இஞ்சினியரை வேலைக்கு வச்சா இதான் தொல்லை, ஒரு ரூமுக்கு ரெண்டு நாள்” என்று அப்பா அலுத்துக்கொள்வார். தங்கள் சேர்க்கைப் பிரிவுக்குப் போன கோடையில் வெளிர்பச்சை அடித்தது இவர்கள் இருவரும்தான். சாரம் கட்டி ஏறும்போது ‘இந்தியரா, வெளிநாட்டவரா’ என்று காவலாளிகூடக் கேட்கவில்லை.

ஆகவே, நான் எந்த நாட்டு வெளிநாட்டவர் என்று ஒரே வரியில் தெரிவித்தால் போதும். அந்த நாட்டுக்குரிய படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பி அனுப்புகிறேன்.

இன்னொன்று. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதாக இருந்தால், முகாமில் ஆள் கணக்கு எடுக்கும் நாளைத் தவிர்த்து வேறு நாள் கொடுங்கள். ஆர்.ஐ. சார் முன்னால் நான் நேரில் நின்று, இந்த நாட்டை விட்டு எங்கும் போய்விடவில்லை என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
விண்ணப்பதாரர்